வெட்டியது கையா, கட்டையா?



தாயம் ஆடத் தெரியாதவர் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்த முறை வீடியோ கேம் பற்றி எழுத உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் நம்மூர்ச் சங்கதிதான். மீதியையும் தாயக்கட்டையை வைத்தே சொல்லிவிடலாம்.

கணினியில் ஒரு வகை விளையாட்டு இருக்கிறது. ஆடுபவர் அதில் ஒரு வேஷம் போட்டுக்கொள்கிறார்: வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, இப்படி ஏதோ ஒன்று. அந்த வேஷத்துக்குப் பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று எண்கள் உண்டு. கதை போகப் போக எண்கள் ஏறும். ஆங்கிலத்தில் ரோல் பிளேயிங் கேம் என்கிறார்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு அது ‘ழெ த ரோல்’. அந்த ரோல் என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. நாடகக்காரர் தன் வசனத்தை எழுதி வைத்துக்கொண்ட காகிதச் சுருள்தான் முதலில் ரோல். வரி செலுத்துவோர் பட்டியலுக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான், கோர்ட்டில் வழக்குகளின் பட்டியலுக்கும் அதே பெயர்தான். பிற்காலத்தில் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகப் பேனா பிடித்தவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

ஆனால் வேஷம் மட்டும் இருந்தால் விளையாட்டு ஆகிவிடாது. மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் பார்த்திருப்பீர்கள். இரணியன் என்னதான் கர்ஜித்தாலும் விடிவதற்குள் நரசிம்மர் மடியில் கிடந்தாக வேண்டும். விளையாட்டு என்றால் முடிவு முன்னால் தெரியக்கூடாது. அப்படியென்றால் முடிவை யாரோ, ஏதோ ஒன்று தீர்மானிக்க வேண்டும். இந்த வேஷ ஆட்டங்களில் எந்தச் சண்டையை ‘ஆக்‌ஷன்’ சண்டை என்று சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று இளைஞர்கள் ஓயாமல் வாதாடுகிறார்களே, அந்த வாதம் முழுக்க இந்த ‘யாரோ, ஏதோ’ பற்றியதுதான்.

நம் டெல்டாவில் பிறந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள மூன்று விளையாட்டு போதும்.

முதலாவது ஆடுபுலி. மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் பிராகாரத் தரையில் எத்தனை இடத்தில் அந்தக் கோடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்! நீ ஒன்று நகர்த்து, நான் ஒன்று நகர்த்துகிறேன். கடைமடையில் முறைப்பாசனம் வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, அவரவர் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கட்டை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. தலைக்குள் நடக்கும் சண்டை.

இரண்டாவது தாயம். இதிலும் முறைதான். ஆனால் வெட்ட வேண்டும் என்று நான் நினைத்தால் போதாது. கட்டை நினைக்க வேண்டும். எதிராளி காய் ஐந்து கட்டம் தள்ளி நிற்கிறது, ஐந்து விழுந்தால் வெட்டு. விழாவிட்டால் அவள் மலையேறி உட்கார்ந்துகொள்வாள். எந்தக் காயை நகர்த்துவது என்பதில் புத்தி உண்டு. வெட்டு விழுமா என்பது பித்தளைக் கட்டையின் விருப்பம். சகுனி மாதிரி ஆட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது சடுகுடு. இதில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மூச்சு இருக்கும்வரை நேரம். தொட்டேனா இல்லையா என்பதை என் கை தீர்மானிக்கிறது, தப்பித்தேனா என்பதை என் கால்.

இனி சரித்திரம். நீடாமங்கலம் பக்கம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சிவபெருமான் சதுரங்கம் ஆடி ஜெயித்து அம்மனைக் கைப்பிடித்த தலம் என்பது ஐதீகம். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வெளியூர்க்காரர்களுக்கும் அந்தக் கோயில் தெரியவந்தது. பலருக்குத் தெரியாத விஷயம், பழைய நாளில் நம் நாட்டில் கட்டை உருட்டி ஆடும் சதுரங்கமும் இருந்தது. நான்கு பேர் ஆடுவார்கள். எந்தக் காயை நகர்த்துவது என்று கட்டை சொல்லும். சுமார் 1030-இல் அல்பெரூனி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு கட்டை போய்விட்டது, சதுரங்கம் ஆடுபுலிப் பக்கம் சேர்ந்துகொண்டது.

கட்டையை மறுபடி யுத்தத்துக்குள் கொண்டுவந்தவர்கள் பிரஷ்யாக்காரர்கள். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, அதிகாரிகளுக்குப் போர்ப்பயிற்சி கொடுக்க வரைபடத்தில் ஆடும் ‘கிரீக்ஷ்பீல்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குக் கட்டை உருட்டினார்கள். நிஜ யுத்தத்தில் எதுவும் நிச்சயமில்லை என்பதைக் காட்டத்தான் கட்டை.

அந்த வம்சத்தில் 150 வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைதான் 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் கதை சொல்லி ஆடுவது. வேஷ ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் தாய். வாள் பட்டதா என்று பார்க்க 20 முகமுள்ள கட்டையை உருட்ட வேண்டும். எதிரியின் கவசத்துக்குத் தக்கபடி இவ்வளவுக்கு மேல் விழுந்தால் பட்டது. 1979 விதிப்புத்தகத்தில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்தில் ஒரே ஒரு வெட்டா என்று கேட்டால், பாய்ச்சல், ஏமாற்று, தடுப்பு எல்லாம் அந்த ஒரு உருட்டலுக்குள் அடக்கம் என்பதுதான் பதில். ஆக, வாள் பிடித்தவன் வேஷம், வெட்டியது கட்டை. சுத்தமான தாய வம்சம்.

கணினிக்கு வந்தபோதும் இதே வழக்கம்தான். 1981-இல் ‘விசார்ட்ரி’, அதைப் பார்த்து ஜப்பானில் 1986-இல் ‘டிராகன் குவெஸ்ட்’. தாக்கு, மந்திரம், ஓடு என்று பட்டியல் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். எதிரி மரியாதையாகக் காத்திருப்பான்.

இன்னொரு பக்கம் சடுகுடு வம்சம் தனியே வளர்ந்துகொண்டிருந்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகள், கைவேகம்தான் எல்லாம். 1984-இல் ஜப்பானில் இரண்டு வம்சத்துக்கும் சம்பந்தம் பேசினார்கள்: ‘டவர் ஆஃப் துருவாகா’, ‘ஹைட்லைடு’, ‘டிராகன் ஸ்லேயர்’, மூன்றும் அதே வருஷம். 1987-இல் வந்த ‘ஈஸ்’ எனக்குப் பிடித்த உதாரணம். அதில் தாக்குவதற்குப் பொத்தானே கிடையாது. ஓடிப்போய் எதிரி மேல் மோத வேண்டும். நேருக்கு நேர் மோதினால் நமக்கும் அடி. கொஞ்சம் விலகி ஓரமாக மோதினால் அவனுக்கு மட்டும் அடி. திருக்கானூர்ப்பட்டி ஜல்லிக்கட்டில் மாட்டின் கொம்புக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் வந்து திமிலை அணைக்கிறார்களே, அந்தச் சூட்சுமம்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பம். கல்யாணம் ஆன பிறகு பிறந்த பிள்ளைகளில் சிலது அப்பா ஜாடை, சிலது அம்மா ஜாடை, சிலது முகம் ஒருவர் மாதிரி, குணம் இன்னொருவர் மாதிரி. எதை ஆக்‌ஷன் என்று எழுதுவது?

பெரும்பாலோர் சொல்லும் பதில், கடிகாரம் ஓடினால் ஆக்‌ஷன், நின்றால் இல்லை என்பது. எனக்கு இது ஒப்பவில்லை. 1991-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ நான்காம் பாகத்துக்காக ஹிரோயூகி இட்டோ என்பவர் ஒரு புது ஏற்பாடு செய்தார். கார் பந்தயம் பார்க்கும்போது, வேகமான கார் மெதுவான காரைச் சுற்றுக்குச் சுற்று முந்துவதைக் கண்டு அவருக்கு வந்த யோசனை. ஒவ்வொரு வேஷத்துக்கும் அதன் வேகத்துக்கு ஏற்பத் தனித்தனி முறை; நாம் யோசித்துக்கொண்டே இருந்தால் எதிரி அடித்துவிடுவான். கடிகாரம் ஓடுகிறது, சரி. ஆனால் வெட்டு விழுவது எண்களால். அவசரப்படுத்தும் தாயம் அது, சடுகுடு அல்ல.

அடுத்த பதில், திரையில் பார்த்தால் தெரியாதா, வாளை வீசினால் ஆக்‌ஷன் என்பது. இது அதைவிட மோசம். 1996 கடைசியில் வந்த ‘டயாப்லோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் பிரெவிக் அதை முதலில் முறை வைத்து ஆடுவதாகத்தான் அமைத்திருந்தார். வெளியிடும் கம்பெனிக்காரர்கள் கடிகாரம் ஓடட்டும் என்று வற்புறுத்தியதால், ஒரு மத்தியானம் உட்கார்ந்து மாற்றிப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு மத்தியானத்தில் முடிந்தது எப்படி? முறைகளை வேகமாக ஓடவிட்டார், அவ்வளவுதான். எலியை ஒரு தட்டுத் தட்டினால் வேஷம் வாளை வீசும். பட்டதா என்று உள்ளே ஒரு சதவீதக் கணக்கு உருளும். ஓடுவதும் ஒளிவதும் ஆடுபவர் கையில், மறுக்கவில்லை. வெட்டு மட்டும் கட்டையிடம். 2002-இல் வந்த ‘மாரோவிண்டில்’ இது வேடிக்கையாகவே தெரியும். எதிரி நெஞ்சுக்குள் வாள் புகுந்து வெளியே வருகிறது, கண்ணால் பார்க்கிறோம், ஆனால் ‘படவில்லை’! கட்டை மனசு வைக்கவில்லை. 2006-இல் அடுத்த பாகமான ‘ஒப்லிவியன்’ வந்தபோது இதை மாற்றிவிட்டார்கள். வாள் தொட்டால் பட்டது.

இங்கே என் பழைய தொழில் குறுக்கே வருகிறது. வருவாய்க் கணக்கில் நஞ்சை, புஞ்சை எழுதுவதற்கு வயலில் பச்சையாக என்ன நிற்கிறது என்று பார்ப்பதில்லை. கிணறு வெட்டி, மோட்டார் போட்டு, வாழை நட்டிருந்தாலும் புஞ்சை புஞ்சைதான். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பாய்ந்தால் அது நஞ்சை. அந்த வருஷம் ஆறு வறண்டு தரிசாகக் கிடந்தாலும் நஞ்சைதான். பயிரைப் பார்க்காதே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். இதே கணக்கைத்தான் இங்கேயும் போட வேண்டும் என்பது என் கட்சி. திரை எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்காதே. வெட்டு எங்கிருந்து வருகிறது என்று பார். படுமா படாதா என்பதை ஆடுபவரின் கை தீர்மானித்தால் ஆக்‌ஷன். வேஷத்தின் எண்ணும் கட்டையும் தீர்மானித்தால் இல்லை.

இன்னொரு பாதியும் உண்டு. எல்லாமே கையென்றால் வேஷம் எதற்கு? அது வெறும் சடுகுடு. ஆகவே படுமா என்பது கையிடம், பட்டால் எவ்வளவு வலிக்கும் என்பது வேஷத்தின் எண்களிடம். இரண்டும் இருந்தால்தான் ஆக்‌ஷன் வேஷ ஆட்டம். 2011-இல் ஜப்பானிலிருந்து வந்த ‘டார்க் சோல்ஸ்’ இதற்கு நல்ல சாட்சி. வேஷத்தின் எண்ணை ஒரு படிகூட ஏற்றாமல், முதல் நிலையிலேயே வைத்து, அடி படாமல் உருண்டு உருண்டு தப்பித்து, கடைசிவரை முடித்தவர்கள் நிறையப் பேர். எதிரியைச் சாய்க்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ‘டிராகன் குவெஸ்டில்’ எண் ஏறாமல் கடைசி அரக்கன் முன்னால் போய் நின்றால் ஆடுபவரின் கைவேகம் எதற்கும் உதவாது.

சிலம்பக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் என்றைக்கோ தெரியும். சாமி ஊர்வலத்தில் சுற்றுவது அலங்கார வீச்சு. கண்ணுக்கு விருந்து, யாருக்கும் அடி விழாது. போட்டி என்றால் கம்பு நுனியில் மை மாதிரி ஏதாவது தடவி, எதிராளி உடம்பில் எத்தனை புள்ளி விழுந்தது என்று எண்ணும் வழக்கம் இருந்தது. வீச்சுக்கு மார்க் இல்லை, தொட்டதற்குத்தான்.

ஐரோப்பாவில் வாள்வீச்சுக்காரர்கள் 1930-களில் அந்தப் புள்ளியை மின்சார விளக்காக மாற்றினார்கள். ஆனால் நம் சென்னைப் பெண் பவானி தேவி வீசுகிறாரே, சேபர் என்ற வாள், அதில் ஒரு நுணுக்கம். இருவர் விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால் யாருக்குத் தாக்கும் உரிமை இருந்தது என்று நடுவர் பார்ப்பார். நீ தாக்கினாய், அவள் தடுத்தாள், தடுத்தவுடன் உரிமை அவளுக்கு. ‘பராத்’ என்றால் தடுப்பு, ‘ரிபோஸ்த்’ என்றால் தடுத்தவுடன் திருப்பி அடிப்பது. சொற்கள் எல்லாம் பிரெஞ்சு. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பவானி தேவி முதல் ஆட்டத்தை 15–3 என்று ஜெயித்து, அடுத்ததில் பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7–15 என்று தோற்றார். எந்தப் பக்கம் கைதட்டினாய் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தது, மின்னல் வேகக் கைக்குள்ளேயும் ‘உன் முறை, என் முறை’ ஒளிந்திருக்கலாம் என்பது.

சட்டம் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்ததா என்றால், பார்த்தது, ஆனால் வேறு கேள்வியோடு. 1968-இல் சுப்ரீம் கோர்ட் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே என்பது காரணம். நம் மாநிலம் ஆன்லைன் சூதாட்டத் தடைக்காகக் கொண்டுவந்த சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்ததை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. எத்தனையோ குடும்பங்களின் பணமும் உயிரும் போன விஷயம் என்பதால் அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 2025-இல் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடினால் திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸுக்கு வரையறை கொடுக்கும்போது உடல் சாமர்த்தியம், மனக்கூர்மை, வியூகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஆடுபுலியும் சடுகுடுவும் ஒரே பத்தியில்! கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் ‘உட்பிரிவு செய்யலாம்’ என்று ஓரத்தில் எழுதி மேலே அனுப்பியிருப்பேன்.

வெறும் சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். வரையறை என்பது யார் உள்ளே வரலாம் என்று சொல்வது. என் வலது கை மோதிர விரலை மடக்கினால் சட்டென்று நிமிராது. இடது கையால் பிடித்து நிமிர்த்த வேண்டும். கண்ணும் ஒரு கணம் தாமதம். எனக்குத் தாயமும் ஆடுபுலியும் எண்பது வயதிலும் நடக்கும், சடுகுடு நடக்காது. பெட்டியின் மேல் ‘வேஷ ஆட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எனக்கா, இல்லையா என்று எப்படித் தெரியும்? பிரான்ஸிலிருந்து போன விடுமுறைக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேரன், “தாத்தா, இது தூர் பார் தூர் தான், நீங்களும் ஆடலாம்” என்று ஒன்றைக் கொண்டுவந்தான். தூர் பார் தூர் என்றால் முறைக்கு முறை.

‘கிளேர் ஒப்ஸ்கூர்’ என்று பெயர். ஒளியும் இருளும் என்று சொல்லலாம், ஓவியக்காரர்களின் சொல். மோன்பெலியே ஊரில் ஒரு சிறு குழு உருவாக்கி 2025 ஏப்ரலில் வெளியிட்டது. கதையில் ஒரு மாயக்காரி ஆண்டுதோறும் ஒரு எண் எழுதுகிறாள். அந்த வயதுக்காரர்கள் புகையாகிவிடுகிறார்கள். நூறில் ஆரம்பித்து இறங்கி இறங்கி 33-க்கு வந்திருக்கிறது. என்னைப்போல் எழுபது தாண்டியவன் அந்த ஊரில் காலடியே வைக்க முடியாது!

சண்டை முறைக்கு முறைதான். நம் முறையில் கடிகாரம் நிற்கும். எந்தக் கலையை எடுப்பது, யாரை அடிப்பது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசிக்கலாம். ஆனால் எதிரியின் முறையில் அவன் வாள் இறங்கும் சரியான கணத்தில் பொத்தானைத் தட்டினால்தான் விலக முடியும். இன்னும் துல்லியமாகத் தட்டினால் பராத், எல்லா வீச்சையும் தடுத்துவிட்டால் ரிபோஸ்த். நன்றாக ஆடுபவன் மேல் ஒரு அடிகூட விழாது. என் கணக்குப்படி, நாம் கொடுக்கும் அடி தாய வம்சம், நமக்கு விழும் அடி சடுகுடு வம்சம். ஒரே சர்வே எண்ணில் பாதி நஞ்சை, பாதி புஞ்சை.

அப்படிப்பட்ட நிலத்தை என்ன செய்வோமோ அதையே செய்தோம். நம் முறை என்னுடையது: யார் எதை எடுப்பது, எந்த எதிரியை முதலில் கழிப்பது எல்லாம் நான் சொல்வதுதான். எதிரி முறை வந்ததும் கருவி அவன் கைக்குப் போய்விடும். என் தவறான தேர்வுக்கு அவன் பல்லைக் கடிப்பான், அவன் தட்டத் தவறினால் நான் “பராத், பராத்!” என்று கத்துவேன், அடுப்படியிலிருந்து என் சம்சாரம் என்னமோ ஏதோ என்று ஓடி வருவாள். இரண்டாம் அங்கத்தில் ஒரு பெரிய அரக்கனிடம் நான்கு நாள் மாட்டிக்கொண்டு நின்றோம். ஐந்தாம் நாள் வரிசையை மாற்றிச் சொன்னேன், அவன் ஏழு வீச்சையும் தடுத்தான், விழுந்தது.